ஒருபொழுதும் பதினாறு மணி நேரமும்

தென்மாவட்டக் கிராமங்களில் 1970கள் வரைக்கும் இரவுச் சாப்பாடு இருட்டியதும் முடிந்துவிடுகிற வேலையாக இருந்தது. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஆச்சி வீட்டில் விளக்கு வைத்த கையோடு சோற்றுப் பானையை இறக்கிவிடுவார்கள். மண்ணெண்ணெய் ரேஷனில் அளந்துதான் வரும். அரிக்கன் விளக்கை வெகுநேரம் எரியவிட யாருக்கும் மனம் வராது. ஏழு, ஏழரைக்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம். மறுநாள் தண்ணீர் ஊற்றி வைத்த பழையது வயிற்றுக்குள் போகும்போது மணி எட்டு, எட்டரை ஆகியிருக்கும். நடுவில் பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. இதை யாரும் விரதம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது.

அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னை சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன், என் தங்கை மகன், எடை குறைக்க இண்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இருக்கிறான். பதினாறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற முறை. "காலையில வெறும் கட்டங்காப்பி மட்டும்தான் மாமா. ரெண்டு மணிக்கு முதல் சாப்பாடு. ராத்திரி பத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்றான். அமெரிக்கக் கம்பெனியோடு பேசி முடிக்க அவனுக்கு ஒன்பது மணி ஆகிறது. அதற்கப்புறம்தான் பிரியாணிப் பொட்டலமோ பரோட்டாவோ வாசலுக்கு வருகிறது. கைபேசியில் ஒரு செயலி மணியை எண்ணுகிறது. அவன் அதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆச்சி வயிற்றைக் காலியாக வைத்திருந்த நேரத்தைவிட இவன் வைத்திருக்கிற நேரம் நீளம். ஆனாலும் ஆச்சிக்குக் கிடைத்தது இவனுக்குக் கிடைக்கவில்லை. நம் பழைய வழக்கத்தில் உடம்புக்கு நன்மை செய்தது பட்டினியின் நீளத்தைவிட, இரவுச் சாப்பாடு சீக்கிரமாகவும் எளிமையாகவும் முடிந்ததுதான் என்பது என் துணிபு. புதிய முறை மணிக்கணக்கை எடுத்துக்கொண்டது, நேரத்தை விட்டுவிட்டது.

விரதங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆச்சிக்குச் செவ்வாய்க்கிழமை, கார்த்திகை, சஷ்டி, அமாவாசை எல்லாம் ஒருபொழுது. காலையில் குளித்து, பூசை முடித்து, மத்தியானம் இலை போட்டு ஒருவேளைச் சோறு. இரவுக்குப் பாலும் ஒரு பழமும். ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். சூரசம்ஹாரம் முடியும் வரை திருச்செந்தூர்க் கோயிலிலேயே தங்கி, பால் பழம் மட்டும் எடுத்துக்கொண்டு கிடக்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று மிளகையும் தண்ணீரையும் கொண்டே ஆறு நாளைக் கழிப்பவர்களும் இருந்தார்கள். வைணவ வீடுகளில் ஏகாதசி. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் இருந்தாக வேண்டும். காலியான வயிற்றுக்குள் முதலில் கீரையும் காயும் போகட்டும் என்ற அந்த ஏற்பாட்டை இன்றைய உணவு ஆலோசகர் எவரும் மறுக்கமாட்டார்.

நாஞ்சில் நாட்டிலும் எங்கள் பக்கத்திலும் பெண்கள் மட்டும் கூடி இருக்கிற ஔவையார் நோன்பு ஒன்று உண்டு. ஆண்பிள்ளைகள் எல்லாரும் உறங்கிய பிறகு உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, பொழுது விடிவதற்குள் முடித்துவிடுவார்கள். அதில் எடையும் இல்லை, மருந்தும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஓர் இரவு உட்கார்ந்திருப்பதுதான் அதன் பலன் என்று எனக்குத் தோன்றும்.

மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் வந்தால் ஊரின் கடிகாரமே மாறிவிடும். விடியலுக்கு முன் சஹர், மாலையில் பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களில் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சி, பகல் முழுக்கத் தண்ணீரும் தொடாத உடம்புக்கு நீரையும் மாவையும் பருப்பையும் ஒன்றாகக் கொடுக்கிறது. மதம் பார்க்காமல் தூக்குவாளியோடு போய் நிற்கிற பிள்ளைகளுக்கும் கிடைக்கும். பாளையங்கோட்டைக் கிறித்தவ வீடுகளில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களிடம் பொழுது சாய்ந்த பின் உண்ணாத நெறி இன்னும் இருக்கிறது. விளக்கொளியில் விழுந்து பூச்சிகள் சாகக்கூடாது, தெரியாமல் உயிரைத் தின்றுவிடக்கூடாது என்ற அகிம்சைக்காக ஏற்பட்டது அது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கழுகுமலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியவர்களின் நெறி, உடலின் கடிகாரத்தைப் பற்றி இன்றைய ஆய்வகங்கள் சொல்வதோடு இவ்வளவு நெருங்கி நிற்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. விரதத்தின் பாரம் வீட்டில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் மனம் கனக்கும். வீட்டுக்கே மூன்று வேளை ஆக்கிப் போட்டுவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடந்தவர்கள் பெண்கள். பிள்ளை பிறக்க ஒரு விரதம், கணவன் நன்றாயிருக்க ஒரு விரதம், மகனுக்கு வேலை கிடைக்க ஒரு விரதம். கைம்பெண்களுக்கு இரவுச் சோற்றையே மறுத்த வீடுகள் இருந்தன; அதற்குத் தண்டனை என்றுதான் பெயர் சொல்ல வேண்டும். இன்றைக்கும் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அவர்களில் ஒருத்தியிடம் போய் வேளைச் சோற்றைக் குறை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

விரதம் இருக்கவும் வீட்டில் நெல் இருக்க வேண்டும். குதிர் நிறைந்த வீட்டில் ஒருவேளை உண்பது நோன்பு. கூலி கிடைக்காத வீட்டில் ஒருவேளை உண்பது பசி. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்ததும், 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடு தரப்படுவதும் அந்தப் பசிக்காகத்தான். இந்த மாநிலம் எத்தனையோ வருடம் பாடுபட்டுப் பிள்ளைகளின் தட்டில் காலைச் சாப்பாட்டை வைத்திருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு எந்த ஃபாஸ்டிங்கும் வேண்டாம்.

இனி, இந்தப் புதிய விரதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எலிகளுக்கு விட்டு விட்டு உணவு கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று சிகாகோவில் கார்ல்சனும் ஹோல்செலும் 1946இலேயே எழுதினார்கள். 1965இல் ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியரி என்ற இளைஞர், மருத்துவர்களின் கண்காணிப்பில், 382 நாள் திட உணவு இல்லாமல் இருந்தார். 207 கிலோ இருந்தவர் 82 கிலோவுக்கு வந்தார். அது ஒரு தனி மனிதரின் வரலாறு, யாரும் பின்பற்றத் தக்க முறையாகாது. உலகம் முழுக்க இந்தப் பேச்சு பரவியது 2012இல். மைக்கேல் மோஸ்லி என்ற மருத்துவப் பத்திரிகையாளர் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு படம் காட்டினார். வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போலச் சாப்பாடு, இரண்டு நாள் 500, 600 கலோரி மட்டும். ஆச்சியின் செவ்வாயும் சஷ்டியும் அந்தக் கணக்குக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

அதே 2012இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில், ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பண்டாவின் குழு எலிகளில் ஒரு சோதனை செய்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கொழுப்பு உணவு, ஒரே அளவு கலோரி. ஒரு கூட்டம் எந்நேரமும் தின்னலாம். மற்றது எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்ன வேண்டும். எந்நேரமும் தின்றவை பருத்து, ஈரல் கெட்டு நோயுற்றன. நேரம் வைத்துத் தின்றவை பெரும்பாலும் தப்பின. 2016இல் ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துப் புதுப்பித்துக்கொள்வதைக் கண்டறிந்ததற்காக. அவர் அதைக் கண்டது ஈஸ்ட்டில். மனிதன் எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் அது எந்த அளவுக்கு நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பதினாறாவது மணியில் புற்றுநோய் செல்லெல்லாம் கரைந்துவிடும் என்று சொல்கிற காணொளிகள் அவர் பெயரைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. நோயாளிகள் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாம் உண்ட மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. சுமார் 100 கிராம். அது கைச்செலவுக்கு வைத்த பணம். கொழுப்பு, நிலத்தில் போட்ட பணம். கைச்செலவுப் பணம் தீர்ந்த பிறகுதான் நிலத்தை விற்க ஆள் போகும். இரவுச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால் உடம்பு மெல்ல அந்தப் பக்கம் திரும்பும். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, காலை ஏழுக்குப் பால் காப்பியும் பிஸ்கட்டும் என்று போனால் திரும்ப நேரமே இல்லை. இந்த அளவில் புதிய முறையின் அடிப்படை சரியானது. அதை நான் மறுக்கவில்லை.

எடை எவ்வளவு குறைகிறது என்ற கேள்விக்கு மனிதர்களிடம் செய்த சோதனைகள் கொடுத்த பதில் நிதானமானது. 2020இல் வெளியான சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வொன்றில் 116 பேரை வைத்து மூன்று மாதம் பார்த்தார்கள். ஒரு பாதி பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை மட்டும் சாப்பிட்டது. மறுபாதி மூன்று வேளை. முதல் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மற்றதில் 0.68 கிலோ. வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. நேரில் வரவழைத்து நுணுக்கமாகப் பரிசோதித்தவர்களிடம் இன்னொன்றும் தெரிந்தது. நேரம் வைத்துச் சாப்பிட்டவர்கள் இழந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பே இல்லை. தசை முதலான மற்ற திசு. அந்த ஆய்வை நடத்திய இதய மருத்துவர் ஈதன் வைஸ் தாமே பல வருடம் இந்த முறையில் இருந்தவர். முடிவைப் பார்த்த பின் அதை விட்டுவிட்டார். ஓர் ஆய்வாளரிடம் நான் எதிர்பார்க்கிற நேர்மை இதுதான்.

2022இல் வெளியான இன்னோர் ஆய்வில், சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு தொடர்ந்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே குறைந்த கலோரிக் கணக்கு. ஒரு பிரிவு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் சாப்பிட வேண்டும். ஆண்டு முடிவில் அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு நிற்கவில்லை. எடையைக் குறைத்தது குறைவாக உண்டதுதான். கடிகாரம் அதற்கு ஒரு துணை, அவ்வளவே. எதை எவ்வளவு தின்கிறோம் என்று எண்ணிப் பார்க்க முடியாதவர்களுக்கு, "இந்த நேரத்துக்கு மேல் இல்லை" என்ற ஒற்றை விதி எளிதாக இருக்கும். அந்த வகையில்தான் இந்த முறை பலருக்கு உதவுகிறது.

ஆனால் கடிகாரத்தின் எந்தப் பக்கம் சாப்பிடுகிறோம் என்பதைக் கவனித்த சோதனைகள் வேறொன்றைச் சொல்கின்றன. 2018இல் அமெரிக்காவில் கோர்ட்னி பீட்டர்சன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் கடைசிச் சாப்பாட்டை முடிக்கச் சொன்னது. எடை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். எடை குறையாதபோதும் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது. எட்டுப் பேர் சிறிய எண்ணிக்கைதான். பிறகு 2022இல் வெளியான, 90 பேரை வைத்து நடந்த சோதனையில், காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை உண்டவர்களுக்குப் பதினான்கு வாரத்தில் 6.3 கிலோ, பரந்த நேரத்தில் உண்டவர்களுக்கு 4 கிலோ குறைந்தது. அதே ஆண்டு பாஸ்டனில் ஃபிராங்க் ஷீர் குழு, ஒரே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தாலே பசி கூடுகிறது, உடம்பு எரிக்கும் ஆற்றல் குறைகிறது என்று காட்டியது. மாலைக்கு மேல் நம் உடம்பு சர்க்கரையைக் கையாள்வதில் தளர்ந்துபோகிறது. இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் இன்சுலின் சுரப்பை அடக்குகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

இதை வைத்துத்தான் என் மருமகனின் எட்டு மணி நேரத்தைப் பார்க்கிறேன். காலை இட்லியை விட்டுவிட்டு ராத்திரிப் பிரியாணியைக் காப்பாற்றுகிற முறை, ஆச்சியின் ஒருபொழுதுக்கு நேர் எதிர். அவள் விட்டது இரவுச் சோற்றை. அவளுடைய ஒரே பெரிய வேளை உச்சி நேரத்தில் வந்தது. தமிழ்நாட்டில் இன்று எடை குறைக்க இந்த முறையில் இறங்குகிறவர்களில் பலர் காலையைத்தான் வெட்டுகிறார்கள். இரவுச் சாப்பாடு குடும்பமாக, நண்பர்களாக உட்காருகிற நேரம் என்பதால் அதை விட மனம் வருவதில்லை. அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை.

இரவு எப்படி இவ்வளவு நீண்டது? கிராமத்துக்கு மின்சாரம் வந்தது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது, 1993இல் சன் டிவி. ஏழரை மணித் தொடர், எட்டு மணித் தொடர், எட்டரை மணித் தொடர் என்று வந்தபோது அடுப்படி வேலை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக நகர்ந்தது. 2000இல் டைடல் பூங்கா திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க வேறு நாட்டுப் பகலுக்கு வேலை செய்கிற இளைஞர்கள் நிறைந்தார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் எட்டு மணிக்கு முடிகிறது. 2019இல் கடைகளை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்து வைக்கத் தமிழக அரசு அனுமதித்தது. உணவு கொண்டுவரும் செயலிகள் வந்த பின், பசித்தால் தூங்கப் போவதைத் தவிர வழியில்லை என்ற நிலை நகரத்தில் இல்லாமல் போயிற்று. ஒருகாலத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் தின்ன ஒன்றுமே இருக்காது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். நம் முன்னோர்களின் கட்டுப்பாட்டில் பாதி அவர்கள் மனத்தில் இருந்தது என்றால் மீதிப் பாதி அந்தப் பானையில் இருந்தது.

உடம்பும் மாறியிருக்கிறது. ஆச்சி காலத்தில் யாரும் எடை குறைக்க விரதம் இருக்கவில்லை, குறைக்க எடையே கிடையாது. ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர், உரலில் நெல், ஆட்டுக்கல்லில் மாவு, வயலில் நடவும் களையெடுப்பும். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 37 சதவீதம். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ பத்துப் புள்ளி ஏற்றம் என்பது சோம்பலால் வந்ததென்று சொல்லிவிட முடியாது. வேலை, தெரு, அரிசி, எண்ணெய், தூக்கம் எல்லாம் ஒருசேர மாறியதன் விளைவு அது. இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25ஐ எட்டினால் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிற உடல்வாகு நமக்கு உண்டு என்று புனேயின் மருத்துவர் யாஜ்னிக் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். பிறக்கும்போதே நமக்குத் தசை குறைவு.

அதனால்தான் தசையை இழப்பது நமக்கு மற்றவர்களைவிடப் பெரிய நட்டம். வேளையைக் குறைத்து, குறைத்த வேளையிலும் சோறும் ரசமுமாக முடித்துக்கொண்டால் தராசின் முள் இறங்கும். கூடவே தோளும் தொடையும் சூம்பும். அப்படி இறங்கிய எடை திரும்பி வரும்போது கொழுப்பாகத்தான் பெரும்பாலும் வரும். ரமலான் மாதத்தில் சிறிது எடை குறைந்து, அடுத்த சில வாரங்களில் பழைய இடத்துக்கே வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகையால் எடை குறைக்க இறங்குகிறவர்கள் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் இவற்றைத் தட்டில் கூட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்குகிற பயிற்சி வேண்டும். ஜிம்முக்குப் போக முடியாவிட்டால் உட்கார்ந்து எழுவதும் தண்டால் எடுப்பதும் போதும். நம் ஊர் உடற்பயிற்சிச் சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் ஒரு காலத்தில் தினப்பாடம்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு அந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள், தெரிந்தவர் சொன்னார் என்று வேளையைத் தாண்டினால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து நடுங்கி மயங்கி விழ நேரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட பட்டினி இருந்தால் ரத்தம் அமிலமாகிற ஆபத்து இருக்கிறது. மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்கிறார்கள். முடியாது என்று மருத்துவர் சொன்னால் நோன்பை விடுகிறார்கள். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணிக்கும் அவர்களின் மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. ஆச்சியும் காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் விரதம் இருக்க விடமாட்டாள். "மேலுக்குச் சொகமில்லாதவுக சாப்பிட்டா சாமி கோவிச்சிக்கிடாது" என்பாள். யார் இருக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர் பழைய விரதத்துக்குப் பக்கத்தில் இருந்தார். செயலியில் அவர் இல்லை. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், எடை குறைந்த முதியவர்கள், உணவோடு ஏற்கெனவே மனப்போராட்டம் நடத்துகிறவர்கள் எவருக்கும் இது உகந்ததில்லை.

2024 மார்ச்சில் அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டமொன்றில், எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்பவர்களுக்கு இதய நோய் மரணம் 91 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் வாசிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போட்டன. அவர்கள் சாப்பிட்ட நேரம் ஒன்றிரண்டு நாள் நினைவிலிருந்து சொன்னது. எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களில் நோயாலோ வறுமையாலோ அப்படி உண்டவர்கள் எத்தனை பேர் என்பதும் அந்தக் கணக்கில் தெளிவாகாது. அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், ஒரு சில மாதச் சோதனைகளை வைத்து ஆயுளுக்கும் உத்தரவாதம் என்று நம்பவும் வேண்டாம்.

ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்வது எளிது. சென்னை தியாகராய நகர்த் துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு அது எப்படி முடியும்? கடை ஊழியர்கள் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறவளிடம் உடல் கடிகாரம் பேச எனக்கு மனம் இல்லை. பேச வேண்டியது முதலாளியிடம். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கொடுத்தால் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அவள் இரவுச் சாப்பாட்டையே முடித்துவிடலாம். வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் பாலோடு படுக்கலாம். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் மாலை நேரக் கூட்டங்களுக்கு நடுவில் சாப்பாட்டுக்கென்று அரை மணி ஒதுக்கலாம். ஊழியர் நலம் என்று யோகா வகுப்பு நடத்துவதைவிட அது பெரிய உதவி.

என் மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்போ விண்டோவை முன்னாடி தள்ளணும்கிறீங்க. பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணி. ஆபீஸ் கேன்டீன்ல ஆறு மணிக்குத் தோசை கிடைக்கும் மாமா" என்றான். தோசையோடு ஒரு கிண்ணம் சுண்டலும் எடுத்துக்கொள் என்றேன். செய்கிறானா என்று நான் தினமும் கேட்பதில்லை. வளர்ந்த பிள்ளை.

படிக்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மாத்திரை எடுப்பவராக இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் பதினாறு மணி நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள், அளவில் பாதியாக்குங்கள், அதற்குப் பிறகு காலை வரை தண்ணீர் மட்டும் குடியுங்கள். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பட்டினி கிடந்து மற்றவர்களுக்குப் பரிமாறுகிற நிலை வரவேண்டாம். எல்லாருமாகச் சேர்ந்து சீக்கிரம் உட்காருங்கள்.